கடனில் கரைந்த அரசு
நவாபு வாலாஜாவின் வாழ்வு தரும் படிப்பினை



மேற்கு மாம்பலத்தில் வாழும் அன்பர்கள் தியாகராய நகருக்குச் செல்ல வேண்டுமானால் ரயில் பாதையைக் கடந்தாக வேண்டும். அப்பாதையின் கீழ்ப்புறம் இன்று கடைவீதிகளால் நிறைந்து கிடக்கிறது. ஆனால் சற்றேறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பு அங்கே கடையுமில்லை, வீதியுமில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு கிடந்த பேரேரி ஒன்று இருந்தது. அதன் மேற்குக் கரையை ஒட்டியே ரயில் பாதை இடப்பட்டது. 1920-களில் ஏரி தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் எழுந்தது. மாம்பலமோ அதற்கு முன்னர் ஏரிக்கரையில் அமைந்த ஒரு சிற்றூர்.

இத்தகைய ஏரிகளை நம்பி வாழ்ந்த குடியானவர்களின் விளைச்சல், பதினெட்டாம் நூற்றாண்டில் எங்கெங்கோ சென்றது. கோட்டைக்குச் சென்றது, பீரங்கிக்குச் சென்றது, கடல் கடந்து லண்டன் மாநகரில் மாளிகைகளாகவும் பதவிகளாகவும் மாறியது. அவ்விளைச்சலுக்கு உரியவராக இருந்து, அது தம் கையை விட்டு நழுவுவதை நாற்பத்தாறு ஆண்டுகள் பார்த்துக்கொண்டே வாழ்ந்து மறைந்தவர் ஒருவர். அவரே ஆர்க்காட்டு நவாபு முஹம்மது அலீ கான் வாலாஜா. வாலாஜா சாலை, வாலாஜாபேட்டை, வாலாஜாபாத் என்று அவருடைய பெயரை நாம் நாள்தோறும் உச்சரிக்கிறோம். திருவல்லிக்கேணியில் அவர் பெயர் தாங்கிய பள்ளிவாசலில் தொழுகிறோம். ஆயினும் அவருடைய வாழ்வை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அறிய வேண்டும். ஏனெனில், யுத்தம் எவ்வாறு கடனை ஈன்றெடுக்கிறது, கடன் எவ்வாறு அதிகாரத்தை விழுங்குகிறது, அதிகாரம் இழந்தவனின் பாரம் எவ்வாறு ஏழையின் முதுகில் இறங்குகிறது என்பதை விளக்க இவ்வாழ்வைவிடத் தெளிவான சான்று நம் மண்ணில் வேறு இல்லை.

அடையாற்றங்கரையில் கற்ற பாடம்

முஹம்மது அலீ 1717-ஆம் ஆண்டில் டில்லியில் பிறந்தார். அவருடைய தந்தையார் அன்வருத்தீன் கான், வட இந்தியாவில் கோபாமவு என்னும் ஊரைச் சேர்ந்த குடும்பத்தினர். ஹைதராபாத் நிஜாம், 1744-ல் அன்வருத்தீனைக் கர்நாடகத்தின் நவாபாக நியமித்தார். அக்காலத்தில் கர்நாடகம் எனப்பட்டது, ஆர்க்காட்டைத் தலைநகராகக் கொண்ட, இன்றைய தமிழகத்தின் பெரும்பகுதியை உள்ளடக்கிய நாடு.

அதே ஆண்டில் ஐரோப்பாவில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் யுத்தம் மூண்டது. அங்கு மூண்ட தீ இங்கும் பரவிற்று. 1746-ல் பிரெஞ்சுக்காரர் சென்னைக் கோட்டையைக் கைப்பற்றினர். தம் நாட்டில் அந்நியர் சண்டையிடலாகாது என்று தடுத்திருந்த அன்வருத்தீன், தம் மூத்த மகன் மஹ்பூஸ் கானின் தலைமையில் ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட படையை அனுப்பினார். அடையாற்றங்கரையில் அப்படையை எதிர்கொண்டவர்கள் ஏறத்தாழ ஆயிரம் பேரே; அவர்களிலும் பலர் பிரெஞ்சுக்காரர் பயிற்றுவித்த நம் நாட்டுச் சிப்பாய்கள். ஒழுங்காக அணிவகுத்து, இடைவிடாது சுட்டு முன்னேறிய அச்சிறு படையின் முன் நவாபின் குதிரைப்படை சிதறி ஓடிற்று.

இன்று மயிலாப்பூருக்கும் அடையாற்றுக்கும் இடையே பேருந்தில் செல்லும் நம்மில் யாருக்கும் அந்த நாள் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் தென்னிந்தியாவின் தலைவிதியை மாற்றிய நாள் அது. பயிற்சி பெற்ற ஐரோப்பியப் படையைத் தம் பக்கம் வைத்திருப்பவனே இனி ஆள முடியும் என்று சிற்றரசர் அனைவரும் முடிவு கட்டினர். சொந்தமாக அத்தகைய படையை உருவாக்கும் பொறுமையும் வசதியும் பலருக்கும் இல்லை. எனவே வாடகைக்கு அமர்த்த முற்பட்டனர். வாடகைப் படைக்குக் கூலி கொடுத்தாக வேண்டுமே! அறுவடை வரும்வரை அது காத்திருக்குமா?

திருச்சிக் கோட்டையில் ஓர் அகதி

1749 ஆகஸ்ட் 3-ஆம் நாள் ஆம்பூரில் நடந்த போரில் முதியவரான அன்வருத்தீன் வீழ்ந்தார். முந்தைய நவாபு குடும்பத்தின் மருமகனான சந்தா சாஹிப், பிரெஞ்சுக்காரரின் துணையுடன் அரியணையைக் கைப்பற்ற வந்தார். மூத்த மகன் சிறைப்பட்டார். இளையவரான முஹம்மது அலீ தப்பியோடித் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் புகலடைந்தார். கையில் ஒரு கோட்டை, அதைச் சுற்றிலும் பகைவர், கஜானாவில் பணமில்லை. இந்நிலையில்தான் அவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பெனியின் உதவியை நாடினார். படை தருவது கும்பெனி. செலவை ஏற்பது நவாபு. இதுவே உடன்பாடு.

1751-ல் ராபர்ட் கிளைவ், சுமார் 500 பேருடன் சென்று ஆர்க்காட்டைப் பிடித்ததையும், ஏறத்தாழ ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கி நின்றதையும் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அடுத்த ஆண்டில் சந்தா சாஹிப் தஞ்சைப் படைத்தலைவனிடம் சரணடைந்து, கொல்லப்பட்டார். கலிமா மொழிந்த இருவரும் ஒரே அரியணைக்காகப் போரிட்டனர். இருவருக்கும் பின்னால் இரண்டு ஐரோப்பிய வணிகக் கும்பெனிகள் நின்றன. வென்றவர் முஹம்மது அலீ என்று ஏடுகள் கூறும். ஆனால் வெற்றியின் மறுநாளே அவர் பெயரில் ஒரு கணக்குப் புத்தகம் திறக்கப்பட்டுவிட்டது.

அப்புத்தகம் மூடப்படவே இல்லை. திருச்சிப் போரின் செலவு அதில் ஏறியது. 1761-ல் முடிவுற்ற புதுச்சேரி முற்றுகையின் செலவும் ஏறியது. கிஸ்தி கட்ட மறுத்த பாளையக்காரர்களை அடக்கச் சென்ற படையின் செலவும், ஒரு காலத்தில் நவாபின் வெற்றிகளுக்கே வாளேந்திய மருதநாயகம் என்னும் யூசுப் கானை மதுரையில் முற்றுகையிட்டு 1764-ல் தூக்கிலிட்ட போரின் செலவும் ஏறின.

1763-ல் பாரீஸ் உடன்படிக்கையில் ஐரோப்பிய வல்லரசுகள் முஹம்மது அலீயை முறையான நவாபாக ஒப்புக்கொண்டன. 1765-ல் டில்லி பாதுஷா ஷா ஆலம், அவரை நிஜாமின் மேலாட்சியிலிருந்து விடுவித்து பர்மான் அனுப்பினார். வாலாஜா என்னும் பட்டமும் வந்தது. பட்டம் உயர்ந்த அதே காலத்தில், சென்னையைச் சூழ்ந்த செங்கற்பட்டுச் சீமை கும்பெனிக்கு ஜாகீராகப் போயிற்று. அச்சீமையைப் பின்னர் நவாபே கும்பெனியிடமிருந்து குத்தகைக்கு எடுத்து, 1780 வரை குத்தகைப் பணம் செலுத்தி வந்தார். தம் நாட்டைத் தாமே குத்தகைக்கு எடுத்த மன்னரின் நிலையை என்னென்பது!

சேப்பாக்கத்து மாளிகை

நவாபு ஆர்க்காட்டை விட்டுச் சென்னைக்கே குடிவந்தார். 1768-ஆம் ஆண்டு வாக்கில் சேப்பாக்கத்தில் கடற்காற்று வீசும் வெளியில் அவருடைய அரண்மனை எழுந்தது. அதைக் கட்டியவர் கும்பெனியின் பொறியாளராக வந்த பால் பென்ஃபீல்டு என்று கூறுவர். இந்தப் பெயரைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டைக்கும் மாளிகைக்கும் இடையே தூரம் அதிகமில்லை. கும்பெனியின் தவணை நெருங்கும்போதெல்லாம் நவாபின் கஜானா வெறுமையாக இருக்கும். அப்போது கோட்டையிலிருந்தே சிலர் வருவார்கள். கும்பெனியின் குமாஸ்தாக்கள், படையதிகாரிகள், ஆலோசனைச் சபையின் உறுப்பினர்கள்! பகலில் கும்பெனியின் பெயரால் பாக்கியைக் கேட்டவர்கள், மாலையில் தம் சொந்தப் பெயரால் கடன் கொடுக்க முன்வந்தனர். தொடக்கத்தில் நூற்றுக்கு 30, 36 என்று வட்டி. பின்னர் 25, அதன் பின் 20. 1766-ல் சென்னை அரசு அதனை 10 ஆகக் குறைக்கும்படி செய்தது. ஆனால் வட்டி குறைந்ததே தவிர, கடன் குறையவில்லை. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்தது. சேர்ந்த அசலுக்குப் புதுப் பத்திரம் எழுதப்பட்டது.

இவ்வாறு 1767-ல் தொகுத்த கடன் ஏறத்தாழ 8,80,000 பவுன். பத்தாண்டு கழித்து 1777-ல் தொகுத்த மற்றொரு கடன் ஏறத்தாழ 24 லட்சம் பவுன். நவாபின் குதிரைப்படையைக் கலைப்பதற்காக, வீரர்களின் சம்பளப் பாக்கியைத் தீர்க்கவென்று வாங்கியது 1,60,000 பவுன். படையை வைத்திருக்கக் கடன். படையைக் கலைக்கவும் கடன்!

கடனுக்கு ஈடு எது? நிலவரி. இன்ன சீமையின் இவ்வாண்டு வரி இன்னாருக்கு என்று நவாபு உத்தரவு எழுதிக் கொடுப்பார். லேவாதேவிக்காரர் அந்த உத்தரவோடு களத்துமேட்டுக்கு வருவர். அவர்களுக்கு அந்நிலத்தின் மறு ஆண்டைப் பற்றிய கவலை கிடையாது. ஏரிக்குக் கரை போடவேண்டும், மதகைச் செப்பனிட வேண்டும், விதைநெல் மிச்சம் வைக்கவேண்டும் என்ற எண்ணமெல்லாம் நிலத்தோடு வாழ்பவனுக்கு உரியவை. பத்திரத்தோடு வந்தவனுக்கு அவை எதற்கு? ஆள்பவருக்கும் உழுபவனுக்கும் இடையே கடன் கொடுத்தவன் வந்து நின்றதும், ஆட்சி என்பது வெறும் வசூல் ஆயிற்று.

கடனை அடைக்க மேலும் யுத்தம்

யுத்தத்தால் வந்த கடனைத் தீர்க்க நவாபு கண்ட வழி மேலும் யுத்தம். 1772 ஜூன் மாதம் நவாபின் படையும் கும்பெனிப் படையும் சேர்ந்து காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. அவருடைய மனைவியார் வேலு நாச்சியார் விருப்பாட்சியில் தஞ்சம் புகுந்து, மைசூரின் ஹைதர் அலீயிடம் உதவி பெற்று, 1780-ல் நாட்டை மீட்டதை நீங்கள் அறிவீர்கள். ஒரு முஸ்லிம் நவாபின் பேராசையால் நாடிழந்த இந்து அரசிக்கு மற்றொரு முஸ்லிம் மன்னர் துணை நின்றார். அநீதி எப்பக்கம் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமேயன்றி, அதைச் செய்தவர் எச்சமூகத்தவர் என்று பார்க்கலாகாது என்பதற்கு இது ஒன்றே போதாதா?

1773-ல் தஞ்சை வீழ்ந்தது. மராட்டிய மன்னர் துளஜாஜி சிறைப்பட்டார். காவிரிப் பாசனத்தின் செல்வமெல்லாம் நவாபின் கைக்கு வந்து, வந்த வேகத்திலேயே கடன்காரர்களின் கைக்குச் சென்றது. 1776-ல் லண்டனிலிருந்து வந்த ஆணைப்படி ஆளுநர் பிகாட் தஞ்சையைத் துளஜாஜியிடம் திருப்பிக் கொடுத்தார். உடனே பால் பென்ஃபீல்டு எழுந்தார். தஞ்சையின் விளைச்சல்மீது நவாபுக்கும் பிறருக்கும் தாம் கடன் கொடுத்திருப்பதாகவும், சுமார் 2,30,000 பவுன் தமக்கு வரவேண்டும் என்றும் உரிமை கொண்டாடினார். சொற்ப ஊதியம் பெறும் ஓர் ஊழியரிடம் இவ்வளவு பெருந்தொகை எங்கிருந்து வந்தது என்று பிகாட் ஐயுற்றார். ஆனால் சபையின் பெரும்பான்மையினர் பென்ஃபீல்டின் பக்கம் சாய்ந்தனர். 1776 ஆகஸ்டில் ஆளுநரையே கைது செய்தனர். அவர் 1777 மே மாதத்தில் காவலிலேயே இறந்தார். கடன் கொடுத்தவனின் கை, ஆட்சி செய்பவனின் கழுத்து வரையில் நீண்டுவிட்டது பார்த்தீர்களா?

கஞ்சித் தொட்டி

1769-ல் ஹைதர் அலீ தம் படையுடன் பரங்கிமலை வரை வந்து கும்பெனியிடம் சமாதான உடன்படிக்கை பெற்றுச் சென்றார். ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவவேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. மராட்டியர் மைசூரைத் தாக்கியபோது கும்பெனி உதவிக்கு வரவில்லை. வாக்கு மீறப்பட்டதை ஹைதர் மறக்கவில்லை. 1780 ஜூலையில் பெரும் படையுடன் கர்நாடகத்தில் இறங்கினார். செங்கற்பட்டு, காஞ்சிபுரம், ஆர்க்காடு எங்கும் தீயும் புகையும். ஆடுமாடுகள் கொள்ளைபோயின; ஏரிகள் உடைக்கப்பட்டன; ஊரை விட்டு ஓடிய மக்கள் சென்னையை நோக்கி வந்தனர். தொடர்ந்தது பஞ்சம்.

வட சென்னையில் இன்றும் முதியோர் வாயில் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றொரு பெயர் வழங்குகிறது. அப்பஞ்சத்தில் பசியோடு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதற்காக 1782-ல் ஏற்பட்ட மணியக்காரர் சத்திரத்தின் நினைவே அது. நவாபின் பத்திரங்களையும் பீரங்கிகளின் விலையையும் கணக்கெழுதியவர்கள், அக்கஞ்சிக்காக வரிசையில் நின்றவர்களை எந்தப் பத்தியில் எழுதினார்கள்?

1781 டிசம்பரில், யுத்தச் செலவுக்காக நாட்டின் வருவாய் முழுவதையும் கும்பெனியிடம் ஒப்படைத்து, ஆறில் ஒரு பங்கை மட்டும் தம் செலவுக்குப் பெற்றுக்கொள்ள நவாபு இசைந்தார். 1785-ல் வருவாய் திரும்பக் கிடைத்தது. அத்துடன் கடன்காரர்களும் திரும்பினர்.

லண்டனில் ஒலித்த குரல்

கடன்காரர்கள் வெறும் வணிகர்களாக நின்றுவிடவில்லை. சேர்த்த பணத்தைக் கொண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் இடம் பிடித்தனர். பென்ஃபீல்டு 1780-லேயே உறுப்பினரானார். நவாபும் சளைக்கவில்லை, தமக்காகப் பேச லண்டனுக்கு முகவர்களை அனுப்பினார். அவர்களில் ஒருவரான ஜான் மெக்ஃபர்சன் பின்னாளில் இந்தியாவின் தற்காலிக கவர்னர் ஜெனரலாகவே அமர்ந்தார்.

1784-ல் இயற்றப்பட்ட சட்டம், நவாபின் கடன்கள் உண்மையானவையா என்று விசாரிக்கப் பணித்தது. ஆனால் அமைச்சர்கள் விசாரணையின்றியே அவற்றை ஏற்று, கர்நாடகத்தின் வருவாயிலிருந்து அடைக்க ஆணையிட்டனர். இதை எதிர்த்து 1785 பிப்ரவரி 28-ல் எட்மண்டு பர்க் என்னும் உறுப்பினர் நெடுநேரம் பேசினார். நம் நாட்டைக் கண்ணால் கண்டிராத அம்மனிதர், கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பதினாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் இருப்பதைச் சொல்லி, அவற்றை வெட்டிய முன்னோர் தம் மக்களுக்கு நெடுங்காலம் கொடுக்க எண்ணிய வள்ளல்கள் என்று புகழ்ந்தார். அத்தகைய நாட்டைக் கடன்காரர்கள் பாழாக்கியதை எடுத்துரைத்தார். பேச்சு வரலாற்றில் நின்றது, தீர்மானமோ தோற்றது. கடன்காரர்களுக்குப் பணம் கிடைத்தது.

வள்ளன்மையும் வரிச்சுமையும்

வாசகரே! இதுவரை படித்த நீங்கள், நவாபு ஒரு கொடியவர் என்று முடிவு கட்டிவிடலாம். பொறுங்கள். அவர் தொழுகையாளி. கற்றோரைப் போற்றியவர். புனித மக்கா, மதீனா நகரங்களுக்குக் காணிக்கை அனுப்பியவர். இந்துக் கோயில்களுக்கும் மானியம் வழங்கியவர். அவருடைய ஆட்சியின் கடைசி ஆண்டான 1795-ல் எழுந்த திருவல்லிக்கேணிப் பள்ளிவாசல், மரமும் இரும்பும் இன்றிக் கருங்கல்லால் ஆனது. அதன் ஆண்டைக் குறிக்கும் பாரசீக வாசகத்தை அமைத்தவர், அரண்மனைச் செயலராக இருந்த ராஜா மக்கன்லால் என்னும் இந்துப் பெருமகனார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எங்களைப் போன்ற மதரஸா மாணவர்கள் அவருக்கு நன்றி பாராட்டக் கடமைப்பட்டவர்கள். நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் நிஜாமிய்யாப் பாடத்திட்டத்தை வகுத்த லக்னோ முல்லா நிஜாமுத்தீன் அவர்களின் மைந்தர், கல்விக் கடல் என்னும் பொருளில் பஹ்ருல் உலூம் என்று போற்றப்பட்ட மௌலானா அப்துல் அலீ அவர்களைச் சென்னைக்கு வரவழைத்து, மதரஸா அமைத்துக் கொடுத்தவர் இந்நவாபே. மௌலானா வந்தபோது நவாபே அவருடைய பல்லக்குக்குத் தோள் கொடுத்தார் என்று கூறுவர். 1810-ல் மறைந்த அப்பேரறிஞர் வாலாஜா பள்ளிவாசல் வளாகத்திலேயே துயில்கிறார்.

அவ்வறிஞரின் வழிவந்த ஏடுகளை ஓதியவன் என்ற முறையில் இவ்வெளியவனின் நெஞ்சை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. அம்மதரஸாவின் விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வந்தது? வட்டிக்கு வாங்கிய வராகனிலிருந்தா? ஏரி வறண்ட ஊரின் கடைசி நெல்லிலிருந்தா? ஒருவர் தம் இடக்கையால் நாட்டை அடகு வைத்து, வலக்கையால் தர்மம் செய்தால், தராசு எப்படி நிற்கும்? தர்மத்துக்குரிய நன்மையை அல்லாஹ் குறைக்கமாட்டான். ஆனால் அடியாரின் உரிமை அடியாரிடமே தீர்க்கப்பட வேண்டியது என்பது மார்க்கத்தின் அடிப்படை. தர்மம், பறிக்கப்பட்ட உரிமைக்கு ஈடாகாது. கொடுப்பவர் பெரியவர் என்பதற்காக, அவர் எடுத்தது யாரிடமிருந்து என்று கேளாமல் இருப்பது ஆலிம்களாகிய எங்களுக்கு அழகன்று. இதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

முடிவும் அதற்குப் பின்னும்

1795 அக்டோபரில், எழுபத்தெட்டாம் வயதில் நவாபு வாலாஜா காலமானார். அவருடைய உடல் திருச்சியில் நத்தர்வலி (ரஹ்) அவர்களின் தர்காவில் அடக்கமாகியுள்ளது. எந்த ஊரில் அகதியாய்ப் புகுந்து தம் அரசைத் தொடங்கினாரோ, அந்த ஊரின் மண்ணே அவரை ஏற்றுக்கொண்டது.

ஆறே ஆண்டுகளில் அரசும் போயிற்று. 1801-ல் அவருடைய மகன் உம்தத்துல் உமரா இறந்ததும், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி கர்நாடகத்தைக் கும்பெனியின் ஆட்சியில் சேர்த்துக்கொண்டார். நவாபு குடும்பத்துக்கு மிஞ்சியது வருவாயில் ஐந்திலொரு பங்கும் பட்டமும். 1855-ல் கடைசி நவாபு குலாம் கௌஸ் கான் மகனின்றி மறைய, பட்டமும் பறிபோயிற்று. சேப்பாக்கத்து மாளிகை ஏலத்துக்கு வந்தது. 1859-ல் அரசே அதை எடுத்துக்கொண்டு அலுவலகங்களை அமைத்தது. 2012-ல் அதன் ஒரு பகுதி தீக்கிரையானபோதுதான், அது ஒரு நவாபின் மாளிகை என்பது பலருக்கும் தெரியவந்தது.

கடன்கள் என்னாயின? 1805-ல் விசாரணைக்குழு ஒன்று அமைந்து, பல ஆண்டுகள் பத்திரங்களை ஆராய்ந்தது. வந்த கோரிக்கைகள் மொத்தம் ஏறத்தாழ 3 கோடி பவுன். அவற்றில் உண்மையென ஏற்கப்பட்டவை பத்தில் ஒரு பங்கும் இல்லை! எஞ்சியவை யாவும் பொய்யும் புரட்டும் மிகைக்கணக்கும். அதற்கு முன் எத்தனை பொய்ப் பத்திரங்களுக்காக எத்தனை ஊர்களின் களஞ்சியங்கள் துடைக்கப்பட்டனவோ, அதை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. பால் பென்ஃபீல்டோ சேர்த்த செல்வமெல்லாம் தொலைந்து, 1810-ல் பாரீஸ் நகரில் வறுமையில் இறந்தார்.

இன்றைய உலகுக்கு

இது பழங்கதை என்று மடித்து வைத்துவிடாதீர்கள். உதுமானியப் பேரரசு முதன்முதலாக வெளிநாட்டில் கடன் வாங்கியது 1854-ல், கிரிமியா யுத்தத்துக்காக. 1881-ல் அந்நாட்டின் வரிகளில் பலவற்றை வசூலிக்கும் உரிமை கடன்காரர்கள் அமைத்த நிர்வாகத்திடம் போயிற்று. எகிப்தின் கெதீவ் இஸ்மாயீல் 1875-ல் சூயஸ் கால்வாயில் தமக்கிருந்த பங்குகளை பிரிட்டனுக்கு விற்றார். 1882-ல் பிரிட்டிஷ் படை எகிப்தில் இறங்கிற்று. கர்நாடகத்தில் எழுதிய பாடத்தை வல்லரசுகள் மறக்கவில்லை, நாம்தாம் மறந்தோம். நெடிய உள்நாட்டு யுத்தத்தைக் கண்ட இலங்கை, 2022-ல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென அறிவித்த நாள்களில் எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றதைக் கண்டோம். ஆயுதம் விற்பவனும் கடன் கொடுப்பவனும் கைகோத்து நிற்கும் வாயிலில், அன்றைய கஞ்சித்தொட்டியின் வரிசை இன்றும் நீள்கிறது.

இங்கே திருக்குர்ஆனின் எச்சரிக்கையைச் சிந்தியுங்கள். வட்டியின் எஞ்சிய பாக்கியை விடாதோர்மீது அல்லாஹ்வும் அவனுடைய தூதரும் போர் தொடுப்பதாக அது அறிவிக்கிறது. வேறெந்தப் பொருளாதாரக் குற்றத்துக்கும் இத்துணைக் கடுமையான சொல் இல்லை. ஏன் போர் என்னும் சொல்? வட்டியே ஒரு போர் என்பதால் இருக்கலாம். அதில் பீரங்கி முழங்குவதில்லை. ஆனால் ஊர்கள் அழிகின்றன.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தொழுகையில் கடன் சுமையை விட்டும் பாதுகாப்புத் தேடினார்கள். ஏன் இவ்வளவு மிகுதியாகத் தேடுகிறீர்கள் என்று வினவப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்வான், வாக்களித்தால் மீறுவான் என்று விளக்கினார்கள். கடனுடன் இறந்தவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்கும்வரை அண்ணலார் தொழவைக்க முன்வரவில்லை. சில காசுகளுக்கே இந்நிலையென்றால், ஒரு நாட்டையே அடகு வைத்தவரின் நிலை என்ன?

அரசர்களை விடுங்கள், நம் வீட்டுக்கு வருவோம். மகளின் நிக்காஹுக்குக் கைக்கூலி கொடுக்கவும், அண்டை வீட்டாருக்கு இளைக்காத விருந்து வைக்கவும், தகுதிக்கு மீறிய மனை வாங்கவும் இன்று வட்டிக் கடையின் படியேறுகிறவர், அன்று சேப்பாக்கத்து மாளிகையில் பத்திரத்தில் முத்திரையிட்ட நவாபின் இளைய சகோதரர்தாம். அவருக்குப் பீரங்கி, நமக்குப் பந்தல். அங்கே உழவன் சுமந்தான். இங்கே மனைவியின் நகையும் மகனின் படிப்பும் சுமக்கின்றன. தேவையால் கடன்பட்டோரைத் தாங்க ஜகாத்தில் ஒரு பங்கையே ஒதுக்கிய மார்க்கம் நம்முடையது. ஜமாஅத்துகள் அப்பங்கை முறையாகத் திரட்டி, வட்டியில்லாக் கடன் வழங்க முன்வந்தால், எத்தனை வீடுகள் தலை நிமிரும்!

அடுத்த முறை மாம்பலத்தில் ரயில் பாதையைக் கடக்கும்போது, அங்கே ஒரு காலத்தில் நீர் தளும்பியதை எண்ணிப் பாருங்கள். முன்னோர் பேரர்களுக்காக ஏரி வெட்டினார்கள். நாம் பேரர்களுக்குக் கடனை விட்டுச் செல்லலாமா?

வல்ல அல்லாஹ், நவாபு வாலாஜா அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய நற்செயல்களை ஏற்றுக்கொள்வானாக! ஆள்வோரின் உள்ளத்தில் ஆட்சி ஓர் அமானிதம் என்னும் அச்சத்தை விதைப்பானாக! நம்மையும் நம் மக்களையும் கடனின் சுமையை விட்டும், வட்டியின் தீங்கை விட்டும், யுத்தத்தின் அழிவை விட்டும் காத்தருள்வானாக! ஆமீன்.